மாதத்தில் பத்து நாள் ஓடும் ஆபீஸுக்கு எந்தப் பிரிண்டர், எந்த பேட்டரி?

வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிய நாட்களில் சாப்பிட எழுந்திருக்க முடியாது, மற்ற நாட்களில் பிரிண்டர் மேல் பழைய துண்டைப் போர்த்தி வைத்திருப்பேன். பிரிண்டர் வாங்கப் போனால் எல்லோரும் "மாதம் எத்தனை பக்கம் அடிப்பீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை நாள் சும்மா கிடக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. என் காசு கரைந்தது எல்லாம் அந்தச் சும்மா கிடந்த நாட்களில்தான்.

முதலில் வாங்கியது இங்க் டேங்க், அதாவது பாட்டிலிலிருந்து மை ஊற்றி நிரப்பும் பிரிண்டர். பேப்பரில் கணக்குப் போட்டால் அதை எதுவும் மிஞ்ச முடியாது. எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. லேசரில் எச்பி 88ஏ கார்ட்ரிட்ஜ் (மைத்தூள் டப்பா) 1,500 பக்கம்தான், விலையோ பாட்டிலைப்போலப் பல மடங்கு. (இந்தப் பக்கக் கணக்கெல்லாம் தாளில் ஐந்து சதவீத இடத்தில் மட்டும் மை படும் என்று வைத்துச் சொல்வது. கட்டம் போட்ட லெட்ஜர் அடித்தால் அந்த எண்ணிக்கை வராது.) இதைப் பார்த்துதான் நானும் இங்க் டேங்க் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், இந்த வியாதி அந்த வகைக்கே பொதுவானது.

சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து சுவிட்சைப் போட்டால், எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு கோடாக விழுகிறது. மை ஈரப் பொருள், மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் இருக்கும் துளைகளோ முடியைவிட மெல்லியவை, நம் ஊர் வெயிலுக்குக் காய்ந்து அடைக்காமல் என்ன செய்யும்? ஹெட் கிளீனிங் கொடுத்தால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல மையை உறிஞ்சி உள்ளே இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. பஞ்சு நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் தானே எண்ணிப் பார்த்து ஒருநாள் வேலையை நிறுத்திக்கொள்ளும். அதாவது ஒரு தாள் கூட அடிக்காமல் மையும் தீரும், மெஷினும் நிற்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் 4,500-இல் இந்தச் செலவு இல்லை.

இங்க் டேங்கிலேயே ஒரு உள்வித்தியாசம் உண்டு, கடையில் யாரும் சொல்வதில்லை. எப்சனில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது, அடைத்துக்கொண்டு போனால் சர்வீஸ் சென்டர்தான். கேனன் ஜி வரிசையிலும் எச்பி ஸ்மார்ட் டேங்கிலும் ஹெட்டை நாமே கழற்றிப் புதிது போடலாம். எப்சன் ஹெட் நீண்ட நாள் உழைக்கக்கூடியதுதான், ஆனால் என்னைப்போல் விட்டு விட்டு அடிப்பவருக்குக் கழற்ற முடிவது ஒரு நிம்மதி.

லேசரில் இந்தப் பேச்சே கிடையாது. டோனர் உலர்ந்த தூள். அதைத் தாளில் ஒட்டவைத்து இருநூறு டிகிரி அளவு சூட்டில் உருக்கி அழுத்துகிறார்கள், காய்வதற்கு அதில் ஈரமே இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்தாலும் முதல் தாளே கருகருவென்று வரும். தண்ணீர் பட்டால் கலங்காது. இங்க் டேங்கில் அடித்த சலானை மழையில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன ஒரு கடைக்காரர் நீல நிறப் பையோடு திரும்பி வந்த கதை என்னிடம் உண்டு. (சில மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது கரையாத துகள் கலந்த மை, அது இவ்வளவு கலங்காது.) லேசருக்கும் குறை இருக்கிறது. நாலாக மடித்து வைத்தால் மடிப்பில் தூள் உதிரும். நான் சொல்லும் கறுப்பு வெள்ளை லேசரில் கலர் வராது, எனக்கு மாதத்தில் இரண்டு தடவை கலர் தேவைப்படும், அதற்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

டோனர் விலைதானே பயம்? ரீஃபில் கடை பக்கத்தில் இருந்தால் பயம் பாதி போய்விடும். எச்பி 1020-க்கும் கேனன் எல்பிபி2900-க்கும் கிட்டத்தட்ட ஒரே கார்ட்ரிட்ஜ்தான், அதனால்தான் பத்திரம் எழுதுபவர் மேசையிலும் பிரவுசிங் சென்டரிலும் அந்தப் பழைய மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. புது மாடல்கள் சிலவற்றில் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்துவிட்டார்கள், அதனால் ரீஃபில் செய்ததை மெஷின் ஏற்காமல் போகலாம். எனவே பிரிண்டர் கடைக்குப் போகும் முன் ரீஃபில் போடும் தம்பியிடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர் முகம் சுளித்தால் அதை வாங்காதீர்கள். ஸ்கேனரோடு வரும் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வீட்டு மெஷின்களில் இருக்கும் மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனருக்குக் கண்ணாடியை ஒட்டிய தாள்தான் தெளிவாகத் தெரியும், பாஸ்புக்கின் நடு மடிப்பு மங்கலாகிவிடும். போனில் படம் பிடித்தாலே நன்றாக வருகிறது.

என் இங்க் டேங்கை டியூஷன் நடத்தும் என் கொழுந்தியாளுக்குக் கொடுத்துவிட்டேன். தினமும் கேள்வித்தாள் அடிக்கிறாள், படம் போட்டுக் கலரிலும் அடிக்கிறாள், இதுவரை ஒரு நாள்கூட அடைத்துக்கொள்ளவில்லை. அதே மெஷின்தான்.

அப்புறம் கரண்ட். லேசர் வாங்கியதும் நான் செய்த முதல் மடத்தனம் அதை யுபிஎஸ்ஸில் செருகியது. மேசைக்கடியில் வைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். லேசர் சூடேறும்போது ஒரு நொடிக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பிரிண்ட் கொடுத்தேன், யுபிஎஸ் ஒருமுறை கத்தியது, கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்தது, சேமிக்காத பதிவுகள் போயின. லேசரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள், கரண்ட் இல்லாதபோது அடிக்காதீர்கள், அவ்வளவுதான். இந்த ஒரு இடத்தில் இங்க் டேங்க் ஜெயிக்கிறது, பத்துப் பதினைந்து வாட்டில் அடித்துவிடும்.

யுபிஎஸ்ஸா இன்வெர்ட்டரா என்பதை மின்வாரியத்தின் அறிவிப்பே முடிவு செய்துவிடுகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நிறுத்துவார்கள், சில நாள் இன்னும் நீளும். யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, பெருக்கினால் 84 வாட்-மணி. மானிட்டரோடு 120 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்புக்குக் கணக்குப்படி நாற்பது நிமிடம், அவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது நிஜத்தில் கால் மணி நேரம் வந்தால் பெரிது. சேமித்துவிட்டு மூடத்தான் அது. 150 ஏஎச் பேட்டரி போட்ட இன்வெர்ட்டரில் 1,800 வாட்-மணி, சேதாரம் போனாலும் ஃபேன், லைட், கம்ப்யூட்டர் மூன்றும் அந்த ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர் இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் கரண்ட் மாறும் அந்தக் கண்சிமிட்டலில் கம்ப்யூட்டர் அணைந்து எழும். மின்வாரியக் கரண்டைப் போலவே சீரான அலையில் கொடுக்கும் சைன் வேவ் மாடலாகவே வாங்குங்கள், மற்றதில் ஃபேன் உறுமும்.

இங்கேயும் சும்மா கிடப்பதுதான் எமன். லெட்-ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் இறங்கியபடி வாரக்கணக்கில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து திறன் போய்விடும். ஊருக்குப் போகும்போது பத்திரம் என்று மெயினை அணைத்துவிட்டுப் போனதில் என் முதல் யுபிஎஸ் பேட்டரி அப்படித்தான் செத்தது. வெயில் இன்னொரு பக்கம்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பொதுக் கணக்கு. மேற்குச் சுவர் ஓரம் வைக்காதீர்கள்.

லேப்டாப் என்றால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை, தன் பேட்டரியைத் தானே சுமக்கிறது, இன்வெர்ட்டரிலும் ஐம்பது வாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு நம்பர் பேட் இல்லாத கீபோர்டு வலது கையை வெட்டின மாதிரி. தனிக் கீபோர்டு, மவுஸ், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றுக்கும் யுஎஸ்பி ஓட்டை வேண்டும், மெல்லிய லேப்டாப்பில் இரண்டுதான் இருக்கும், எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஒரு மானிட்டரையும் சேர்த்துக்கொண்டால் ஒரு திரையில் விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி, இன்னொன்றில் கொள்முதல் பதிவேடு, ஒத்துப் பார்க்கும் வேலை பாதி நேரத்தில் முடியும். டெஸ்க்டாப்பில் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம் என்பது பெரிய பலம், கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊரென்றால் நான் அதைத்தான் சொல்வேன். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, பழைய சிப்புக்கு 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. "போட்டுத் தர்றோம் சார்" என்பார்கள். போடுவார்கள்தான், நாளைக்கு அப்டேட் நின்றால் அவர்கள் வரமாட்டார்கள்.

நெட் விஷயம் சுருக்கம்தான். ஃபைபர் வைத்துக்கொள்ளுங்கள், அதன் பெட்டி 12 வோல்ட்டில் ஓடும் வகை என்றால் ஒரு மினி யுபிஎஸ் போதும். கேபிள்காரர் அறையிலும் கரண்ட் போய் அவர் பேட்டரி இறங்கிவிட்டால் நம் பெட்டி எரிந்து என்ன பயன், அப்போது போன் ஹாட்ஸ்பாட். ரிட்டர்ன் போட டேட்டா அதிகம் வேண்டாம். 20-ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி போர்டல் சுற்றிக்கொண்டே நிற்கும்போது 300 எம்பிபிஎஸ்ஸும் ஹாட்ஸ்பாட்டும் ஒன்றுதான். தாமதித்தால் ஒரு நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரவு செலவே இல்லாதவருக்கு 20. அதனால் நான் இப்போதெல்லாம் 18-ஆம் தேதியே முடித்துவிட்டு லேசர் மேல் துண்டைப் போர்த்திவிடுகிறேன்.