நாப்ளி வாங்கப் போகிறீர்களா? முதலில் தாய்த் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

சூலூர்பேட்டைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் இந்தப் பொரிப்பகம் வெனாமி இறாலின் நாப்ளி (முட்டை பொரித்ததும் வரும் முதல் நிலைக் குஞ்சு) மட்டும் விற்கிறது, பி.எல். (குளத்தில் விடும் பருவக் குஞ்சு) வரை வளர்ப்பதில்லை. போர்டு தெலுங்கில்தான். ஆனால் தாய் இறால்களை வைத்திருக்கும் தாய்த் தொட்டியில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி ஆட்கள். எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்க வேண்டியதும் நிறைய இருக்கிறது.

நாப்ளிக்குத் தீனி கிடையாது. பொரித்ததிலிருந்து அடுத்த நிலையான ஜோயா ஆகும் வரை, ஏறக்குறைய இரண்டு நாள், தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. அது குறைந்த நாப்ளி வந்து இறங்கும்போது பார்க்க நன்றாகவே இருக்கும். ஜோயாவின் முதல் கட்டத்திலேயே கொத்தாகச் சாகும். பிறகு ஆல்கே (ஜோயா தின்னும் நுண்பாசி) சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று பழியெல்லாம் நாப்ளியை வாங்கியவர் தலையில் விடியும்.

இங்கே மெச்ச வேண்டியது தாய்த் தீனி. ஊசிக் கணவாய், கடல்புழு, மட்டி என்று மாற்றி மாற்றி, இறால் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை போடுகிறார்கள். செலவுதான், ஆனால் வீண் செலவில்லை. மஞ்சள் கருவின் மூலப் புரதமான வைட்டெல்லோஜெனின் சுமார் 2,500 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. வெனாமி, டைகர் வகைகளில் அதன் மரபணு சினைப்பையிலும் ஹெபடோபேன்கிரியாஸிலும் (கல்லீரலும் கணையமும் சேர்ந்தது போன்ற உறுப்பு) வேலை செய்யும். ஸ்காம்பி என்ற நன்னீர் இறாலில் ஹெபடோபேன்கிரியாஸில் மட்டும். பெயர் கோழி முட்டைப் புரதத்தின் பெயர்தான் என்றாலும், இறாலில் இதற்கு நெருங்கிய உறவு கொழுப்பைச் சுமக்கும் அபோலிப்போபுரதக் குடும்பம். அதாவது இது ஒரு சுமை வண்டி. மரபணு எவ்வளவு ஓடினாலும், ஏற்றக் கொழுப்பு இல்லாவிட்டால் வண்டி காலியாகத்தான் போகும். கொலஸ்ட்ராலை இறால் தானாகத் தயாரிக்காது, தீனியில்தான் வர வேண்டும், கணவாய் அதற்காக. அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்துக்குக் கடல்புழு. வெறும் பெல்லட் தீனியில் தாயை ஓட்டும் இடங்களில் சினை நிறம் கட்டினாலும் குஞ்சு தேறாததற்கு இதுதான் காரணம்.

கண்காம்பு வெட்டுவதும் ஒழுங்காக நடக்கிறது. சினை பிடிக்க விடாமல் தடுக்கும் ஹார்மோன் கண்காம்பில் இருக்கிறது. ஒரு கண்ணை எடுத்தால் பிரேக் தளர்ந்து வைட்டெல்லோஜெனின் மரபணு வேகமெடுக்கும். பெண் இறாலுக்கு மட்டும், ஓடு கெட்டியாக இருக்கும் நாளில் மட்டும், பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் நசுக்குகிறார்கள். சட்டை கழற்றிய இறாலைத் தொட்டால் ரத்தம் போய்ச் செத்துவிடும் என்பது வேலையாட்களுக்கே தெரிந்திருக்கிறது. (அந்த ஹார்மோனின் மரபணுவை ஆர்.என்.ஏ. ஊசியால் அடக்கி, கண்ணை வெட்டாமலே டைகர் இறாலைச் சினைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் தாய்லாந்து ஆய்வாளர்கள். இந்தப் பக்கத் தொட்டிகளில் இன்னும் இடுக்கிதான்.)

சாயங்காலம் முட்டையிடத் தயாரான தாய்களைப் பொறுக்குவதை நின்று பாருங்கள். மேலிருந்து டார்ச் அடித்தால், முற்றிய சினை தலையிலிருந்து வால்வரை தடித்த ஆரஞ்சுப் பட்டையாகத் தெரியும். டைகருக்கு ஆண் தரும் விந்துப்பொதியை உள்ளே சேமித்து வைக்கப் பை உண்டு; வெனாமிக்கு அது வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வலையை வெடுக்கென்று தூக்கினால் கழன்று விழும், அன்றைய முட்டை அத்தனையும் மலடு. இங்கே வாயகன்ற மென்வலையை நிதானமாக அடியில் கொடுத்துத் தூக்குகிறார்கள். 30–45 கிராம் தாய் ஒன்று 1 லட்சத்திலிருந்து 2.5 லட்சம் முட்டை வரை இடும் என்பதை நினைத்தால், அந்த நிதானத்துக்கே காசு கொடுக்கலாம்.

இனி குறை. ஒவ்வொரு தாய்க்கும் மிஞ்சிய கண்ணில் எண் போட்ட வளையம் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பலகையில் எழுதுவது தொட்டிவாரி மொத்தக் கணக்கு! எந்த எண் எத்தனையாவது முறை முட்டையிட்டது என்று கேட்டால் பதில் இல்லை. பிரேக் போன இறால் சில நாளுக்கு ஒருமுறை சினை கட்டிக்கொண்டே இருக்கும். உடம்புச் சேமிப்பு அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது, முட்டைக்குப் போகும் சத்து இளைக்கும். முதல் முட்டையையும் பத்தாவது முட்டையையும் ஒரே தொட்டியில் கலந்து ஒரே விலைக்குக் கொடுப்பது சரியில்லை.

இரண்டாவது குறை, தீனியாகப் போடும் கடல்புழு. தாய் இறாலுக்கு நீலாங்கரை தனிமைப்படுத்தல் மையத்துச் சீட்டும் பி.சி.ஆர். (நோய்க்கிருமிச் சோதனை) ரிப்போர்ட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். புழுவுக்கு ரிப்போர்ட் கேட்டால் “ஃப்ரீசரில் வைத்ததுதான் சார்” என்கிறார்கள். உறைய வைத்தால் வெள்ளைப்புள்ளி வைரஸ் சாகாது. நோயில்லாத தாயை வாங்கி, சோதிக்காத புழுவைப் போடுவது வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வாங்குவதானால், கண் வெட்டி ஒரு மாதத்துக்குள் இருக்கும் தொட்டியின் நாப்ளியைத் தனியாகப் பிடித்துத் தரச் சொல்லி முன்னாளே பேசிவிடுங்கள், கேட்டால் செய்கிறார்கள். பேக்கிங்குக்கு முன் ஒரு பீக்கரில் மொண்டு பக்கவாட்டில் டார்ச் காட்டுங்கள். நல்லது வெளிச்சத்தைப் பார்த்து ஏறும். அடியில் கிடப்பதைப் பைக்குள் விடாதீர்கள். மரக்காணம் வரை போகிறவர்கள் ராத்திரியே வண்டியை எடுத்துவிடுங்கள். பகலில் சென்னை நெரிசலில் மாட்டினால், பை திறக்கும்போது நாப்ளி பாதி ஜோயாவாகி ஆல்கேக்குக் காத்திருக்கும்.