மறதியைத் துப்பறியும் ஹோம்ஸ்

ஆர்தர் கோனன் டாயில் தம்முடைய துப்பறிவாளரை 1893-இல் ரைஷன்பாக் அருவியில் விழ வைத்துக் கொன்று பார்த்தார். வாசகர்கள் விடவில்லை, பத்தாண்டுகளுக்குள் உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் ஷெர்லக் ஹோம்ஸைச் சாகவிடவே இல்லை. தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் குன்றுகளுக்குத் தேனீ வளர்க்க அனுப்பிவிட்டு, முதுமையைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார். 1914 ஆகஸ்டில் நடக்கும் ஒரு கதையில் ஹோம்ஸ் அறுபது வயதுக்காரராக வருகிறார். அந்தக் கணக்கை நீட்டிப் பார்த்தால் 1947-இல் அவருக்கு 93 வயது. பில் காண்டன் இயக்கத்தில் 2015-இல் வெளிவந்த 'மிஸ்டர் ஹோம்ஸ்' சரியாக அந்த வயதில் அவரைச் சந்திக்கிறது. மிட்ச் கல்லின் 2005-இல் எழுதிய நாவலை ஒட்டி ஜெஃப்ரி ஹாட்சர் திரைக்கதை அமைத்திருக்கிறார். படத்தின் வட்டை வாங்கி அலமாரியில் பல மாதங்கள் கிடத்தி வைத்திருந்த நான், ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

கொலை எங்கே, கொலையாளி யார் என்று காத்திருப்பவர்களுக்கு இந்தப் படம் ஏமாற்றம் தரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இங்கே துப்பறியப்படுவது ஹோம்ஸின் சொந்த நினைவு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கை முடித்த கையோடு அவர் தொழிலைத் துறந்து கிராமத்துக்கு வந்துவிட்டார். அந்த வழக்கில் தாம் ஏதோ பெருந்தவறு செய்தோம் என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. என்ன தவறு என்பது மறந்துவிட்டது. அவருடைய நண்பர் வாட்சன் அதைத் தம் வழக்கப்படி வெற்றிக் கதையாக எழுதி, பிறகு சினிமாவாகவும் வந்துவிட்டது. சாவதற்குள் உண்மையை எழுதி வைத்துவிட வேண்டும் என்று கிழவர் மேசையில் உட்காருகிறார். ஒரு பெண்ணின் கையுறை, ஒரு பழைய புகைப்படம் என்று கையில் இருப்பவை சொற்பமே. அவற்றைப் பார்க்கும்போது மட்டும் கடந்த காலம் ஒரு துணுக்காக வந்து போகிறது. எத்தனையோ பேருடைய ரகசியங்களைச் சேற்றுக் கறையிலிருந்தும் சிகரெட் சாம்பலிலிருந்தும் படித்தவர், தம் ரகசியத்தைப் படிக்க முடியாமல் திணறுவதே படத்தின் முழுப் பதற்றமும்.

இயன் மெக்கெல்லனை நம்பித்தான் இவ்வளவும் நிற்கிறது. எழுபத்தைந்து வயதை ஒட்டியிருந்த நடிகர், 93 வயதுக் கிழவராகவும், வழக்கு நடந்த காலத்து மிடுக்கான மனிதராகவும் மாறி மாறி வருகிறார். ஒப்பனையைவிட உடலே அதிகம் பேசுகிறது. இளைய ஹோம்ஸ் நாற்காலியில் அமரும்போது நாற்காலி அவருக்குக் கட்டுப்படுகிறது. முதிய ஹோம்ஸ் ஒவ்வொரு படியிலும் கால் எங்கே ஊன்றுவது என்று யோசிக்கிறார். மருத்துவர் அவரிடம் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து, பெயரோ இடமோ மறந்துபோகும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வையுங்கள் என்கிறார். சில பக்கங்களுக்குப் பிறகு புள்ளிகள் எறும்புக் கூட்டம்போல் பெருகிக் கிடக்கும் அந்தக் காட்சியில் வசனமே தேவைப்படவில்லை. எதிரில் இருப்பவரின் பெயரைச் சட்டைக் கையின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு கள்ளப் பார்வையாய்ப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் எனக்கு என் தாத்தாவின் கடைசி ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. அவர் பேரப்பிள்ளைகள் அனைவரையும் 'ராஜா' என்றே அழைத்துச் சமாளித்தார்.

வீட்டில் அவரோடு இருப்பவர்கள் இருவர்: போரில் கணவரை இழந்த பணிப்பெண் மன்றோ அம்மாளும் அவருடைய மகன் ரோஜரும். மன்றோ அம்மாளாக வரும் லாரா லின்னியின் ஆங்கில உச்சரிப்பு சில இடங்களில் வழுக்குகிறது என்றாலும், படிப்பறிவு குறைந்த தாய் தன் மகன் ஒரு மேதையின் பக்கம் சாய்வதைப் பார்த்துப் படும் அச்சத்தை அவர் முகம் நன்றாகவே சொல்கிறது. சிறுவனாக நடித்த மைலோ பார்க்கர் அதிகப்பிரசங்கித்தனம் இல்லாத புத்திசாலித்தனத்தோடு வருகிறார். ஒரு காட்சியில் ரோஜர் தன் தாயை அவர் மனம் புண்படும்படி பேசிவிடுகிறான். ஹோம்ஸ் அவனைக் கண்டித்து, ஓடிப்போய் மன்னிப்புக் கேள் என்று அனுப்புகிறார். யாருடைய மனத்தையும் பொருட்படுத்தாமல் உண்மையைச் சொல்லிப் பழகியவர் வாயிலிருந்து அது வருகிறது என்பதுதான் அதன் எடை.

பழைய வழக்கைப் பற்றி அதிகம் சொல்லக் கூடாது. பிறக்காமலே போன குழந்தைகளுக்காகத் துக்கப்படும் ஆன் என்னும் பெண், கண்ணாடிக் கிண்ணங்களைச் சுழற்றி ஈர விரலால் வாசிக்கும் ஆர்மோனிகா என்ற இசைக்கருவியைக் கற்கச் செல்கிறாள். கணவர் சந்தேகப்பட்டு ஹோம்ஸிடம் வருகிறார். காசோலை, உயில், மருந்துக்கடை, ரயில் நேரம் என்று அவள் விட்டுச் செல்லும் தடயங்களை ஹோம்ஸ் ஒன்றுவிடாமல் சரியாகவே படிக்கிறார். தோட்டத்து இருக்கையில் இருவரும் பேசும் நீண்ட காட்சியில் ஆன் வேடத்தில் வரும் ஹாட்டி மொராஹன் மெக்கெல்லனுக்குச் சமமாக நிற்கிறார். ஹோம்ஸின் முடிவில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. அவள் கேட்டது தர்க்கத்தை அல்ல என்பது அவருக்குப் புரிய முப்பது ஆண்டுகளும் பாதி நினைவும் செலவாகின்றன.

ஜப்பான் பகுதியில்தான் படம் சறுக்குகிறது. தேனீக்கள் சுரக்கும் ராயல் ஜெல்லி நினைவாற்றலுக்குப் பயன்படாமல் போக, அதைவிட வலிய மூலிகை என்று ஒரு முள்மரத்தைத் தேடி ஹோம்ஸ் ஜப்பானுக்குப் போய்வந்திருக்கிறார். குண்டு விழுந்த ஹிரோஷிமாவின் கரிந்த மண்ணில் அது கிடைக்கிறது. கூட வரும் ஜப்பானியர் உமெசாகிக்குத் தன் தந்தையைப் பற்றிய பழைய கணக்கு ஒன்று ஹோம்ஸிடம் இருக்கிறது. ஹிரோயுகி சனாதா போன்ற நடிகரை வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை இரண்டு மூன்று உரையாடல்களில் முடித்துவிட்டார்கள். அழிந்த ஒரு நகரம் ஒரு கிழவரின் மனமாற்றத்துக்குப் பின்னணித் திரையாக மட்டும் பயன்பட்டுப் போனது எனக்கு உறுத்தியது. ஆனாலும் இந்தக் கிளையை வெட்டியிருந்தால், இறுதியில் ஹோம்ஸ் எழுதும் ஒரு கடிதம் இல்லாமல் போயிருக்கும். கற்பனையை வாழ்நாள் முழுக்க வெறுத்தவர் அந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறார் என்பதற்காகவே நடுவிலுள்ள தொய்வைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூல நாவலின் முடிவு இதைவிட மிகக் கடுமையானது. படம் அந்த இடத்தில் இரங்கிவிட்டது. தனிமையைப் பற்றிய கதைக்கு நாவலின் முடிவே பொருத்தம் என்று முதல் முறை பார்த்தபோது நினைத்தேன். இரண்டாம் முறை, மெக்கெல்லன் புல்வெளியில் கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு கல்லுக்கும் இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்லும்போது, அந்தப் பெயர்களில் ஒன்றேனும் குறைந்ததற்காகத் திரைக்கதை எழுத்தாளருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

கார்ட்டர் பர்வெல்லின் இசை அடக்கமானது. சுண்ணாம்புப் பாறைகளும் வெளிறிய கடலும் அழகாகப் பதிவாகியிருக்கின்றன. திரையரங்கில் ஹோம்ஸ் தம்மைப் பற்றிய படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் காட்சியில், திரையில் ஹோம்ஸாக வருபவர் நிக்கலஸ் ரோ. 1985-இல் வெளிவந்த ஒரு படத்தில் இளம் ஹோம்ஸாக நடித்தவர் அவர். இந்தக் குறும்பைக் கண்டுகொள்பவர்களுக்குக் கூடுதல் சிரிப்பு கிடைக்கும்.

வாங்கலாமா என்றால், 104 நிமிடங்களுக்குப் பொறுமையோடு உட்காரக்கூடியவர்கள் தாராளமாக வாங்கலாம். மொழித் தெளிவுக்கு ஆங்கில வசன வரிகளை ஓடவிட்டுக்கொள்வது நல்லது, முதிய ஹோம்ஸ் பல சொற்களை முணுமுணுப்பாகவே விழுங்குகிறார். தொடக்கத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ரயில் பெட்டியில் ஒரு சிறுவன் ஜன்னல் கண்ணாடியில் ஊரும் பூச்சியைத் தட்ட, அது தேனீ அல்ல, குளவி, இரண்டும் வேறு என்று ஹோம்ஸ் எரிச்சலோடு திருத்துவார். கொட்டிய தேனீ தன் கொடுக்கை விட்டுச் செல்லும், குளவி விடாது. கடைசி அரை மணி நேரத்தில் ஒருவர் தீப்பந்தத்தோடு தேனீப் பெட்டிகளை நோக்கி ஓடும்போது, அந்த எரிச்சலான திருத்தம் நினைவிருந்தால், ஹோம்ஸ் வாய் திறப்பதற்கு முன்பே நீங்கள் துப்பறிந்திருப்பீர்கள்.