மால்ட் ஊறவைக்க 25 லிட்டர் ஐஸ் பெட்டி: ஒரு மதிப்பீடு

கடையில் விற்கும் மால்ட் பொடி, பாகு எதுவும் வாங்காமல் முழுத் தானியத்திலிருந்தே பீர் வடிக்கும் முறையில், மால்ட் வெந்நீரில் ஊறும் அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருந்தால் அதிலுள்ள அமிலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். வெப்பம் மிகவும் இறங்கினால் வேலை மந்தமாகும், 75ஐத் தாண்டினால் நொதிகள் விரைவில் செயலிழந்துவிடும். இதற்கென்றே விற்கும் மின்சாரக் கொப்பரைகள் மிகவும் விலை கூடியவை. புதுச்சேரி நேரு வீதியில் வாங்கிய சாதாரண 25 லிட்டர் ஐஸ் பெட்டி அதே வேலையை மனநிறைவாகச் செய்கிறது.

பெட்டியின் இரட்டைச் சுவருக்கு நடுவே நுரை அடைத்திருக்கிறார்கள்; குளிரை வெளியே விடாத அந்த நுரை வெப்பத்தையும் விடுவதில்லை. முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துப் பெட்டியைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். 5 கிலோ மால்ட்டுக்கு 15 லிட்டர் நீர் போதும். குளிர்நாட்டுக் கணக்கின்படி, 20 டிகிரியில் இருக்கும் தானியத்தை 66க்குக் கொண்டுவர நீர் 72 டிகிரியைத் தாண்ட வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தானியமே 32 டிகிரியில் இருப்பதால் 70, 71 டிகிரி நீரே போதும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. மூடி மட்டும் உள்ளீடற்றது என்பதால் அதன்மேல் ஒரு கம்பளியைப் போர்த்துவது நல்லது. ஊறல் முடிந்ததா என்று அறிய, வெள்ளைத் தட்டில் ஒரு துளி சாற்றை எடுத்து, மருந்துக் கடை டிங்க்சர் அயோடினைச் சொட்டிப் பார்க்கலாம். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் மிச்சமிருக்கிறது.

பெட்டியின் குறை அதன் குழாய். குளிர்நீருக்காகச் செய்த பிளாஸ்டிக் குழாயும் வாஷரும் சூட்டில் இளகிக் கசிகின்றன. ஹார்டுவேர் கடையில் அரை அங்குல ஸ்டீல் பால் வால்வும் சிலிகோன் வாஷரும் வாங்கி மாற்றிவிட வேண்டும். வடிகட்டியாக, கனெக்‌ஷன் பைப்பின் மேலிருக்கும் ஸ்டீல் பின்னலை உருவி உள்ளே பொருத்தலாம். மால்ட்டை மில்லில் கொடுத்தால் உமி சிதையாதபடி குருணையாக மட்டும் உடைக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த உமிதான் வடிகட்டும் படுகையாக நின்று சாற்றைத் தெளிவாக இறக்குகிறது. மிளகாய் அரைக்கும் இயந்திரத்தின் பக்கமே போகக் கூடாது.

கடலூர் துறைமுகத்தில் மீனுக்குப் பயன்படுத்தும் தெர்மோகோல் பெட்டி மலிவு என்றாலும், இந்தச் சூட்டில் அதை நம்ப முடியாது. உட்புறம் உணவுத் தரப் பிளாஸ்டிக்கால் ஆன பெட்டியே வேண்டும்.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் புதுச்சேரியில் 1970ஆம் ஆண்டு கலால் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வீட்டில் மது வடிக்க இடமில்லை. ஆகவே சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்டை நான் சேர்ப்பதில்லை. வடித்த சாற்றை இரண்டு பாத்திரங்களில் பிரித்து, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, ஜெர்மானியரின் மால்ட்ஸ்பியரைப் போன்ற மால்ட் பானமாகவே குடிக்கிறோம். பிரிக்காமல் ஒரே அண்டாவில் வைத்தால் வீட்டு கேஸ் அடுப்பில் கொதி வருவதற்கே நெடுநேரம் ஆகும். நம் குழாய்த் தண்ணீர் குளிர்ச்சியற்றது என்பதால் ஆறவைக்கப் பனிக்கட்டி வேண்டும். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் குடித்துவிட வேண்டும். எஞ்சிய சக்கையை மாடுகள் விரும்பித் தின்னும். வால்வுக்குள் தங்கிய இனிப்பு இந்த வெக்கையில் ஒரே இரவில் புளித்துவிடும். ஆதலால் அன்றே அதைக் கழற்றிக் கழுவி, பெட்டியைத் திறந்தபடி காயவைக்க வேண்டும்.