பிலிப்பினோ மரபைச் சொல்லும் அட்டைகள்: எதைத் தேடுவது, எதற்குச் செலவிடுவது?

விளையாட்டு அட்டைகளை வெளியிடும் டாப்ஸ், பனினி, அப்பர் டெக் போன்ற நிறுவனங்கள் வீரர்களை லீக், அணி, பருவம் என்ற வரிசையில் பிரிக்கின்றனவே தவிர, அவர்களுடைய பூர்வீகத்தை வைத்துப் பிரிப்பதில்லை. ஆகவே கலிஃபோர்னியாவின் டேலி சிட்டியிலோ மணிலாவிலோ வாழும் ஒருவர் தம் பிலிப்பினோ மரபை அட்டைகளின் வழியே சேர்த்துவைக்க விரும்பினால், கடையில் ஒரு பெட்டியை வாங்கிப் பிரித்துவிட்டால் வேலை முடியாது. பல விளையாட்டுகளிலும் பல காலங்களிலும் சிதறிக் கிடப்பவற்றைத் தாமே தேடித் தொகுக்க வேண்டும். அப்படித் தொகுப்பதற்கு உள்ள வழிகளுள் எது எதற்குப் பொருந்தும் என்பதையே இங்கே பார்க்கிறோம். என் அளவுகோல் ஒன்றுதான்: மரபு அந்த அட்டையின் மேலேயே தெரிகிறதா, அல்லது வாங்குபவர் மனத்தில் மட்டும் இருக்கிறதா?

பெரும்பாலோர் முதலில் எட்டிப்பார்ப்பது வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் கூடைப்பந்து அட்டைகளைத்தான். கூடைப்பந்தைப் பிலிப்பைன்ஸ் மக்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்குத் தனியாகச் சான்று தேவையில்லை. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1975இல் அங்கேதான் தொடங்கியது. தாய்வழியில் பிலிப்பினோ வேர் கொண்ட ஜோர்டன் கிளார்க்சன், ஜேலன் கிரீன், டிலன் ஹார்ப்பர் ஆகிய மூவரும் இன்றைய சேகரிப்பாளர்களின் முதன்மை இலக்குகள். கிளார்க்சன் 2014 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 46ஆவதாகத் தேர்வாகி, அன்றே லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டவர். மாற்று வீரராகக் களமிறங்குபவருக்குத் தரும் ‘சிறந்த ஆறாவது வீரர்’ விருதை 2020-21 பருவத்தில் யூட்டா அணிக்காக ஆடி வென்றவர். கிரீன் 2021இலும் ஹார்ப்பர் 2025இலும் இரண்டாவதாகத் தேர்வானவர்கள். முதல் இருவரின் ரூக்கி அட்டைகள், அதாவது தொழில்முறை வீரராக வெளிவந்த முதல் அட்டைகள், பனினியிடம் என்பிஏ உரிமம் இருந்த காலத்தவை. 2025-26 பருவத்திலிருந்து அந்த உரிமம் டாப்ஸுக்குப் போய்விட்டதால், ஹார்ப்பரின் உரிமம் பெற்ற ரூக்கி அட்டைகள் டாப்ஸ் பெயரில் வருகின்றன. மூவரையும் ஒரே ஆல்பத்தில் ஒரே வடிவமைப்பில் பார்க்க நினைப்பவருக்கு இது சிறு ஏமாற்றமாக இருக்கலாம்.

இந்த வழியின் பலம் சந்தைதான். அட்டைகள் எளிதில் கிடைக்கின்றன, விற்க நினைத்தால் வாங்க ஆள் இருக்கிறது, அட்டையின் நிலையைப் பார்த்துத் தரம் குறிக்கும் கிரேடிங் நிறுவனங்களும் தயங்காமல் ஏற்கின்றன. பலவீனம் அதைவிட ஆழமானது. 2023 கூடைப்பந்து உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸ் அணி சீனாவை 96-75 என்று வீழ்த்திய ஆட்டத்தில் கிளார்க்சன் 34 புள்ளிகள் எடுத்தார். அந்தப் போட்டியின் தொடக்க நாளில் பிலிப்பைன் அரீனாவில் 38,115 பேர் திரண்டிருந்தார்கள். ஒரு பிலிப்பினோ ரசிகர் நினைவில் வைத்துப் போற்றும் கிளார்க்சன் அந்தத் தேசிய அணிச் சட்டைக்காரர்தான். ஆனால் என்பிஏ உரிமத்தில் அச்சாகும் அட்டைகளில் இருப்பவர் லேக்கர்ஸ், யூட்டா போன்ற அணிகளின் சட்டை போட்டவர். மரபு இங்கே வீரரின் உடலில் இருக்கிறது, அட்டையில் இல்லை. ஹார்ப்பரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பருவத்தின் தொடக்கத்தில் புதிய வீரரின் அட்டைக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி எதிர்பார்ப்புக்குக் கொடுக்கும் விலையே. மரபுக்காகச் சேர்ப்பவருக்கு அந்த அவசரம் தேவையே இல்லை. இரண்டு ஆண்டுகள் பொறுத்தாலும் ஹார்ப்பர் பிலிப்பினோ வம்சாவளியினராகவே இருப்பார்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பழைய அட்டைகளின் வழி; என் சாய்வு இதன் பக்கமே என்பதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோமன் கேப்ரியலின் தந்தை பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறியவர். வட கரோலினாவின் வில்மிங்டனில் 1940இல் பிறந்த கேப்ரியல், 1962 என்எஃப்எல் டிராஃப்டில் இரண்டாவதாக லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்குத் தேர்வாகி, 1969இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் என்ற அதிமுக்கிய இடத்தில் ஓர் ஆசிய வம்சாவளி வீரரைக் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. அவருடைய ரூக்கி அட்டை 1962 டாப்ஸ் தொகுதியில், 88ஆம் எண்ணில் இருக்கிறது. மொத்தம் 176 அட்டைகள் கொண்ட அந்தத் தொகுதிக்குக் கறுப்பு விளிம்பு. வண்ண உருவப்படத்துக்குப் பக்கத்தில் ஆட்டக்காட்சி ஒன்று கறுப்பு வெள்ளையில் சிறியதாக இடம்பெற்றிருக்கும். கறுப்பு விளிம்பில் லேசாக உரசினாலும் உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப்பார்த்துவிடுவதால், மூலைகள் தேயாத பிரதி கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை ஏறிவிடும். ஆனால் மரபுக்காக வாங்குபவர் எதற்காக அந்தப் பிரதியைத் தேட வேண்டும்? ஓரம் தேய்ந்த, மடிப்பு விழாத ஓர் அட்டை போதும். தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் கேப்ரியல் தம் வாழ்நாளில் சேர்க்கப்படாததும் அட்டையின் விலையை அடக்கிவைத்திருக்கிறது. அவருக்கு அது நியாயமா என்பது வேறு கேள்வி. சேகரிப்பாளருக்கு அதில் ஆதாயம் உண்டு.

பழைய வழியில் இடறல்களும் உண்டு. மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய முதல் பிலிப்பினோ வம்சாவளியினரான பாபி பால்சேனா, 1956இல் சின்சினாட்டி அணிக்காக ஏழே ஆட்டங்களில் இறங்கியவர். வரலாற்றில் அவருக்குள்ள இடத்தோடு ஒப்பிட்டால் அட்டைகளில் அவர் மிக அரிதாகவே தென்படுகிறார். நிறுவனங்கள் புகழை அச்சிட்டன; முதலாவதாக வந்த பெருமையை அச்சிடவில்லை. பேஸ்பாலில் எளிதாகக் கிடைப்பவர் வேண்டுமென்றால், தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த டிம் லின்சிகம் இருக்கிறார்: 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதைத் தொடர்ந்து பெற்றவர், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் செல்லப்பிள்ளை. அவருடைய ரூக்கி அட்டைகள் 2007ஆம் ஆண்டுக்குரியவை. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வளர்ந்த பிலிப்பினோ குடும்பங்களுக்கு, ஊரும் பூர்வீகமும் ஒரே அட்டையில் சேர்வது இங்கேதான்.

ஐஸ் ஹாக்கியில் தேர்வு சுருக்கமானது. மணிலாவில் பிறந்த தாய்க்கு மகனான ஜேசன் ராபர்ட்சன், 2022-23 பருவத்தில் டல்லஸ் அணிக்காக 109 புள்ளிகள் குவித்தவர். 2020-21 அப்பர் டெக் தொகுதியில் வந்த அவரது ‘யங் கன்ஸ்’ என்ற ரூக்கி அட்டை ஒன்று போதும்.

குத்துச்சண்டையின் நிலை வேறு. எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற மேனி பாக்கியாவ் இல்லாத பிலிப்பினோ தொகுப்பை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆயினும் குத்துச்சண்டைக்கு ஒரே லீக் கிடையாது. ஆகவே ஆண்டுதோறும் தவறாமல் வரும் அதிகாரபூர்வத் தொகுதியும் கிடையாது. எது அவருடைய உண்மையான ரூக்கி அட்டை என்பதில் கருத்து வேறுபாடு எழுவதும், தனியாக வெளியிடப்பட்ட அட்டைகள் பல புழங்குவதும் இதனால்தான். அவருடைய கையெழுத்துள்ள அட்டையை வாங்குவதானால், நிறுவனமே கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்த அட்டையை மட்டும் நம்பலாம். பின்னால் வந்து சேர்ந்த கையெழுத்தைச் சான்றளிப்பு இல்லாமல் தொடக் கூடாது. இந்த வழிக்கு ஒரு சிறப்பு உண்டு: பிலிப்பைன்ஸைத் தவிர வேறு எந்த அணிக்காகவும் பாக்கியாவ் நின்றதில்லை. அவர் அட்டையில் மரபைத் தேட வேண்டியதில்லை.

மரபு அட்டையின் மேலேயே அச்சாக வேண்டும் என்பவருக்கு, 2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பைக்காகப் பனினி வெளியிட்ட ஸ்டிக்கர் ஆல்பம் தெளிவான விடை. அது கால்பந்தில் பிலிப்பைன்ஸின் முதல் உலகக் கோப்பை. ஜூலை 25 அன்று வெலிங்டனில் நியூசிலாந்தை 1-0 என்று வென்றபோது சரீனா போல்டன் தலையால் முட்டி அடித்ததே நாட்டின் முதல் கால்பந்து உலகக் கோப்பை கோல். அந்த அணியில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த பிலிப்பினோ பெண்கள் என்பதால், புலம்பெயர்ந்த குடும்பத்தின் கதையை இதைவிட நேராகச் சொல்லும் தொகுப்பு எனக்குத் தெரியாது. விலையும் குறைவு. ஆனால் ஸ்டிக்கர் என்பது அட்டையன்று: ஒட்டினால் பிரிக்க முடியாது, ஒட்டாவிட்டால் ஆல்பம் நிறையாது. இரண்டு பிரதி வாங்கி ஒன்றை ஒட்டி ஒன்றைக் காப்பதே வழி.

கடைசியாக, பிலிப்பைன்ஸிலேயே பிறந்து பிலிப்பைன்ஸிலேயே தேய்ந்த ‘டெக்ஸ்’ அட்டைகள். விரல் நீளமே உள்ள இந்த மெல்லிய அட்டைகளில் திரைப்படக் காட்சிகளும் சித்திரக்கதைகளும் உரையாடலோடு வரிசை எண்ணிட்டு அச்சாயின. பிற்காலத்தில் ஜப்பானிய அனிமே உருவங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. சாரி-சாரி எனப்படும் தெருச் சில்லறைக் கடைகளில் வாங்கிய சிறுவர்கள் கட்டைவிரலால் மேலே சுண்டிவிட்டு, எந்தப் பக்கம் மேலாக விழுகிறது என்பதை வைத்து ஒருவர் அட்டையை மற்றவர் வென்றார்கள். விளையாடியே அழிந்ததால் நல்ல நிலையில் மிஞ்சியவை குறைவு. முறையான பட்டியலைத் தேடினால் கைக்கு எட்டாது. கிரேடிங், மறுவிற்பனை விலை என்ற பேச்சும் இங்கே பொருந்தாது. முதலீடாகப் பார்த்தால் இது பூஜ்யம். மரபாகப் பார்த்தால் மேலே சொன்ன எதுவும் இதற்கு அருகில் வராது, ஏனெனில் மற்றவை பிலிப்பினோக்களைப் பற்றியவை, டெக்ஸ் பிலிப்பினோ குழந்தைப் பருவத்தின் ஒரு துண்டு. வாங்கும்போது துண்டாக வெட்டப்படாத முழுத் தாளாகக் கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். காட்சிகளின் வரிசை அதில்தான் கெடாமல் இருக்கும்.

பாதுகாப்பிலும் இவை ஒன்றுபோல் இல்லை. மணிலாவின் ஈரக்காற்றில் குரோம் வகைப் பளபளப்பு அட்டைகள் வில்லாக வளையும். அவற்றைக் கெட்டியான உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். கேப்ரியல் காலத்துக் கெட்டி அட்டைக்கு வளையும் தொல்லை அவ்வளவாக இல்லை, விளிம்பில் உரசாமல் காத்தால் போதும். டெக்ஸ் தாளுக்கு அமிலம் கலக்காத காகித உறை அவசியம். குறைந்த பணத்தில் தொடங்குபவருக்கு என் வரிசை இது: முதலில் 2023 ஆல்பம், அடுத்து ஓரம் தேய்ந்த கேப்ரியல், கிடைக்கும்போது ஒரு டெக்ஸ் தாள், அதன் பின் லின்சிகம், கிளார்க்சன் ஆகியோரின் சாதாரண ரூக்கி அட்டைகள். குறைந்த எண்ணிக்கையில் எண்ணிட்டு வெளியிட்ட அரிய பதிப்புகளையும் ஹார்ப்பரையும் விலை இறங்கும் வரை காத்திருந்து வாங்கலாம்.