விட்ட டிகிரியை முடித்துத் தருகிறோம் என்று சொல்லி 38,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்: மதுரைக்காரர்கள் ஜாக்கிரதை

வேலைக்குப் போய்க்கொண்டே பாதியில் நின்ற டிகிரியை முடிக்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். என் 38,500 ரூபாய் போய்விட்டது. அதோடு என் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டுகளும் அவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று மத்தியானம் அந்த ஆபீஸ் படியிறங்கி வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஆறவிட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. கல்வி ஆலோசனை மையம் என்று போர்டு மாட்டிய மாடி ஆபீஸ். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ஏசி ரூம், சுவர் முழுக்கப் பட்டமளிப்பு அங்கி போட்டவர்கள் போட்டோ. "நின்றுபோன படிப்பை ஒரே வருடத்தில் முடிக்கலாம்" என்று வாசலில் ஃபிளெக்ஸ். இந்த மாதிரி ஆபீஸ் மதுரையில் ஒன்றிரண்டு இல்லை.

நான் 2008-ல் பி.காம். சேர்ந்தேன். நாலு செமஸ்டரும் அரியர் இல்லாமல் முடித்தேன். அப்பா கீழே விழுந்து படுத்த படுக்கையானதும் மூன்றாம் வருடம் போகவே முடியவில்லை. அன்றிலிருந்து வேலைதான். இப்போது மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறேன். கணக்கு முழுக்க எனக்குத் தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரைக்கும் நான்தான் தயார் செய்து கொடுக்கிறேன். எங்கள் அக்கவுண்டன்ட் ஐயா ஓய்வு பெறப் போகிறார். அந்த இடம் உனக்குத்தான், ஆனால் டிகிரி சர்டிபிகேட் இல்லாமல் ஹெட் ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முதலாளி சொன்னார். அதற்காகத்தான் அந்த மாடி ஏறினேன்.

அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு என்னைவிட வயது குறைவு. "வாங்கக்கா, உக்காருங்க" என்று எழுந்து நின்று சொன்னார். ஃபைலை வாங்கி நாலு மார்க்‌ஷீட்டையும் கண்ணாடி மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொரு பாடமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். "அட, காஸ்ட் அக்கவுண்டிங்ல 78 வாங்கியிருக்கீங்க! நீங்க போய் படிப்ப விடலாமாக்கா?" என்றார். அந்த மார்க்கை இத்தனை வருடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்த காகிதம் அது. அடுத்து அவர் சொன்னது, "இந்த ரெண்டு வருஷம் வீணாப் போகாதுக்கா. நேரடியா மூணாவது வருஷம் போட்டுடலாம், டிஸ்டன்ஸ்ல. வேற ஸ்டேட் யுனிவர்சிட்டி, ஆனா பரீட்சை இங்க மதுரையிலயே எழுதலாம்."

வீணாகாது என்கிற அந்தப் பேச்சுதான் அவர்கள் விற்கிற சரக்கு. குடும்பத்துக்காகப் படிப்பை விட்டவர்களுக்கு எது வலிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கைவைத்துக் காசு பிடுங்குகிறார்கள். இதை நினைக்கத்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அன்றைக்கே 10,000 முன்பணம். மிச்சம் 28,500-ஐ ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினேன். தள்ளிப்போனதே சில ஆயிரம், அது தனி. மொத்தம் 38,500. கம்பெனி அக்கவுண்டில் ஏதோ லிமிட் பிரச்சினை என்று சொல்லி, ஜிபேயில் ஒரு தனி ஆளின் நம்பருக்குப் போடச் சொன்னார்கள். சரிபார்க்க வேண்டும் என்று ஒரிஜினல் மார்க்‌ஷீட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ரசீதை இன்று எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. கோர்ஸ் பெயரும் இல்லை. "ஆலோசனை மற்றும் சேவைக் கட்டணம்" என்று ஒரே வரி. கடைசியில் எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில் "செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது". அதன் மேலேயே ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி வரியை மறைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. புத்தகம் எப்போது வரும் என்றால் கொரியரில் இருக்கிறது. ஹால் டிக்கெட் என்றால் யுனிவர்சிட்டி சர்வர் டவுன். சித்திரையில் கேட்டால் "அழகர் ஆத்துல எறங்கி முடியட்டும்க்கா, ஊரே லீவுல இருக்கு" என்றார்கள். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அழகருக்கும் என்ன சம்பந்தம்? அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் கொஞ்ச நாளில் மேடம் என்றார், பிறகு போனையே எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் முன்னால் இருக்கிற பெண், "சார் மீட்டிங்ல இருக்கார்" என்பார். உள்ளே அவர் சிரித்துப் பேசுவது எனக்குக் கேட்கும்.

நச்சரித்த பிறகு ஒரு என்ரோல்மென்ட் நம்பர் அனுப்பினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் போட்டால் அப்படி ஒரு மாணவரே இல்லை. அங்கேயே கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழ்நாட்டில் எங்களுக்கு மையமே கிடையாது, யாரையும் நியமிக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆத்திரத்தில் துருவித் துருவிப் படித்தேன். தொலைநிலைப் படிப்பு நடத்த யூஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்புக்கு அனுமதி என்ற பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது. படிப்பு மையத்தை வெளியாளுக்குக் குத்தகை மாதிரி விட 2020 விதிகளில் இடமே இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லையைத் தாண்டி வந்து தொலைநிலை மையம் போடவும் கூடாது. 2024-லிருந்து தொலைநிலை, ஆன்லைன் எதில் சேர்ந்தாலும் மாணவரே ஏபிசி ஐடி (படித்து முடித்த பாடங்களின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கியின் எண்), டெப் ஐடி (யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிகிற எண்) இரண்டையும் உருவாக்க வேண்டும். அது இல்லாமல் அட்மிஷனே கிடையாது. என்னிடம் அந்தப் பேச்சையே இவர்கள் எடுக்கவில்லை. எடுத்தால் குட்டு உடைந்துவிடுமே! அந்தக் கிரெடிட் வங்கியிலும் கிரெடிட்டுக்கு ஆயுள் அதிகபட்சம் ஏழு வருடம்தான். 2010-ல் விட்ட படிப்பை அப்படியே தூக்கி மூன்றாம் வருடத்தில் வைக்கிறேன் என்று ஆலோசனை மையம் வாக்குக் கொடுக்கவே முடியாது. பழைய படிப்பைத் தொடர முடியுமா, முடியாதா என்பதைப் பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும்.

இன்று இதையெல்லாம் சொல்லிக் கேட்டேன். "பணம் யுனிவர்சிட்டிக்குப் போயிருச்சு மேடம், ரீஃபண்ட் கிடையாது" என்றார். அங்கே பணம் போனதற்கான ரசீதைக் காட்டுங்கள் என்றேன், வாய் திறக்கவில்லை. மார்க்‌ஷீட்டைக் கேட்டேன். "ஹெட் ஆபீஸ்ல இருக்கு, 5,000 ப்ராசஸிங் கட்டினா வரவழைக்கலாம்." என் மார்க்‌ஷீட்டை எனக்குத் தர 5,000! சேர்க்கும்போது சரிபார்த்துவிட்டு ஒரிஜினலைக் கையோடு திருப்பித் தர வேண்டும் என்று 2018-லேயே யூஜிசி கல்லூரிகளுக்குச் சொல்லிவிட்டது. கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாத காகிதத்தை வைத்துக்கொள்ள இவர்கள் யார்? தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக்கொடுத்து டூப்ளிகேட் வாங்கிக்கொள் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். தொலையவில்லையே. இருக்கிற இடம் தெரிந்திருக்கும்போது தொலைந்தது என்று நான் ஏன் பொய் எழுத வேண்டும்?

என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது.

ஒரிஜினலை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். தனி ஆள் நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், கட்டணம் பல்கலைக்கழகத் தளத்தில்தான். டெப் ஐடி கேட்காத இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே வருடத்தில் டிகிரி என்றாலும் அப்படித்தான். புதிதாகச் சேருவது என்றால் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் நம் ஊரிலேயே சிக்கந்தர் சாவடியில் இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நடுவில் ஆள் எதற்கு? ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நாள் கடந்தால் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுகிறேன். 38,500 ரூபாயும் வேண்டும், நாலு மார்க்‌ஷீட்டும் வேண்டும். இதே மாதிரி மாடி ஆபீஸில் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். தனியாகப் போனால் உட்காரக்கூடச் சொல்வதில்லை, மனுவில் நாலைந்து பேர் கையெழுத்து இருந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.