மைசன் பீங்கான் பொம்மை வாங்கப் போகிறீர்களா? வாள் குறியை மட்டும் நம்பாதீர்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஆறு வருடமாக இருக்கிறேன். போன கோடையில் ஊரிலிருந்து வந்த அம்மாவை ஸ்விங்கர் அரண்மனையில் இருக்கும் பீங்கான் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். 1717-இல் 600 குதிரை வீரர்களைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டு 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்ட, இந்தப் பகுதியை ஆண்ட அகஸ்டஸ் மன்னரின் சேகரிப்பு அது. பக்கத்து ஊரான மைசனில் 1710-இல் பீங்கான் ஆலையைத் தொடங்கியதும் அவர்தான். அங்கே ஒரு சின்னப் பொம்மையின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு அப்படி ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பழம்பொருள் கடை ஒன்றில் பூக்கூடை ஏந்திய பெண் பொம்மை கிடைத்தது. கடைக்காரர் அதைத் தலைகீழாகத் திருப்பி, பூதக்கண்ணாடியை என் கையிலேயே கொடுத்தார். நீல நிறத்தில் குறுக்கு வாள்கள் இரண்டு, மைசனின் குறி. "1750 வாக்கில் செய்தது, கெண்ட்லர் காலம்" என்றார். கெண்ட்லர் 1731 முதல் அங்கே சிற்பியாக இருந்தவர் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பெயரே என்னை மயக்கிவிட்டது. விலை 1,400 யூரோ. கூடவே 3,200 யூரோ மதிப்பு என்று முத்திரை குத்திய சான்றிதழ். அதில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஊருக்கு அனுப்புமுன் காப்பீட்டுக்காக ஏல நிறுவனத்தில் பணிபுரியும் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாள் குறியின் மேல் நகத்தை ஓட்டினார். அப்புறம் என்னையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் மெல்லத் தட்டுப்பட்டது. மைசனில் கோபால்ட் நீலத்தால் வாளை வரைந்த பிறகுதான் அதன் மேல் பளபளப்புப் பூச்சு போட்டுச் சுடுவார்கள். அதனால் குறி பூச்சுக்கு அடியில் இருக்கும், நகம் வழுக்கிக்கொண்டு போகும். என் பொம்மையில் வாள்கள் பூச்சுக்கு மேலே இருந்தன.

அடுத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். வாள்களுக்குக் கீழே கட்டைவிரல் நக அளவுக்கு ஓரிடம் மட்டும் மினுக்கம் இல்லாமல் மங்கித் தெரிந்தது. ஏதோ ஒரு குறியைத் தேய்த்து எடுத்த தடம் அது. புற ஊதா விளக்கில் பொம்மையின் இரண்டு விரல்களும் கூடையின் விளிம்பும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தன. உடைந்த இடத்தைப் பிசினால் ஒட்டி வண்ணம் பூசியிருக்கிறார்கள். அந்த விரலைப் பல்லில் மெதுவாகத் தட்டிக் காட்டினார். பீங்கான் 'டிங்' என்னும், பிசின் மொத்தென்று ஒலிக்கும்.

1900 வாக்கில் டிரெஸ்டன் பட்டறை ஒன்றில் செய்ததாக இருக்கும், 120 யூரோ பெறும் என்றார்.

அந்தப் பட்டறைகளை நான் குறை சொல்லவில்லை. இங்கே நான்கு பட்டறைகள் 1883-இல் கிரீடத்துக்குக் கீழே 'டிரெஸ்டன்' என்று எழுதிய குறியை முறையாகப் பதிவு செய்துகொண்டு, அருமையான வேலைப்பாடுகளை விற்றன. அவற்றுக்கென்று ஒரு விலை உண்டு. அப்படிப்பட்ட பொருளின் சொந்தக் குறியைச் சுரண்டிவிட்டு வாளை வரைந்து பத்து மடங்குக்கு மேல் விற்பதுதான் திருட்டு.

சான்றிதழோடு கடைக்குத் திரும்பிப் போனேன். அவர் பதற்றப்படாமல் ரசீதைக் காட்டினார். 'மைசன் மாதிரியைப் பின்பற்றிய பீங்கான் பொம்மை' என்று கையால் எழுதியிருந்தது. ஆண்டு இல்லை, கெண்ட்லர் இல்லை. சான்றிதழிலும் அதே வாசகம்தான். வாயால் சொன்னதற்குச் சாட்சி யாரும் இல்லை. வழக்கறிஞரும் கையை விரித்துவிட்டார். பணம் போனதைவிட, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற தவிப்புதான் பல நாள் தூங்க விடவில்லை.

வாங்குகிறவர்கள் ரசீதில் 'மைசன் ஆலையில் செய்தது, இன்ன ஆண்டு வாக்கில், பழுது பார்த்த இடங்கள் இவை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாள் குறியைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மற்ற ஆலைகள் போட ஆரம்பித்துவிட்டன, ஆகவே குறியைக் கடைசியாகப் பாருங்கள். முகம், விரல், பூவிதழ் எல்லாம் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். உண்மையான வாளின் குறுக்கே கீறல் வெட்டியிருந்தால், அது ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது. 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் பொம்மை 1750-ஐச் சேர்ந்ததாக இருக்க வழியே இல்லை; 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டத்துக்குப் பிறகு பரவிய வழக்கம் அது. விற்கிறவர் தரும் மதிப்புச் சான்றிதழ் வேண்டாம். அதே மாதிரிப் பொம்மை ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள்.

வாங்குமுன் சந்தேகம் இருந்தால், வாள் குறியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.