ரேம் கூட்டியதும் ஹேங்க் ஆகுதா? “41”ஐக் காட்டி எஸ்எம்பிஎஸ் விற்கப் பார்ப்பார்கள், உஷார்

8 ஜிபி ரேம் இரண்டு இருந்த கணினி. கடையில் இன்னும் இரண்டு 8 ஜிபி போட்டு 32 ஆக்கினார்கள். அன்று சாயங்காலமே தொல்லை ஆரம்பம். திரை அப்படியே நிற்கும், மவுஸ் நகராது, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் “ட்ர்ர்ர்” என்று இழுக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை.

திரும்பக் கொண்டுபோனதும் முதலில் ஃபார்மேட் அடித்தார்கள், அதற்கு ஒரு பில். அடுத்த முறை எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றினார்கள், அதற்கும் பில். மூன்றாம் முறை மதர்போர்டைக் காட்டி “போர்டு போயிடுச்சு” என்றார்கள். புதிதாகச் செருகிய இரண்டு ரேமை மட்டும் மூன்று தடவையும் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றக் காட்டிய ஆதாரம், ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) சிவப்பாகத் தெரியும் “கெர்னல்-பவர் 41”. பெயரில் பவர் இருக்கிறது அல்லவா, கேட்பவர் நம்பிவிடுவார். போன முறை விண்டோஸ் முறையாக மூடப்படாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் இல்லை. கரண்ட் போனாலும் விழும், நாமே பட்டனை அழுத்தி அணைத்தாலும் விழும். இந்தக் கணினியில் இருந்த ஒவ்வொரு 41ம் உரிமையாளரின் கட்டைவிரல் போட்டது. எஸ்எம்பிஎஸ் தள்ளாடினால் பெரும்பாலும் லோடு ஏறும்போது கணினி தானாக அணையும், இல்லை ரீஸ்டார்ட் ஆகும். படம் உறைந்து, ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல் போகக்கூடாது.

(மாடுலர், அதாவது கேபிளைத் தனியே கழற்றக்கூடிய எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது, “கேபிள் ஏற்கெனவே கட்டியிருக்கு, அதுவே இருக்கட்டும்” என்று சொன்னால் உடனே நிறுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் மாடலுக்கு மாடலும் மாறும். பிளக் அழகாகப் பொருந்தும். ஆன் செய்த கணத்தில் எஸ்எஸ்டி (ஃபைல்கள் இருக்கும் டிரைவ்) கருகலாம்.)

உண்மையான காரணம் சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி (ரேம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம்) என்ற பக்கத்தைத் திறந்து, ஸ்லாட் ஸ்லாட்டாக மாற்றிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. “அதே ரேம்தான்” என்று கொடுத்தது அதே ரேம் இல்லை. நான்கும் டிடிஆர்4 வகை, நான்கின் லேபிளிலும் வேகம் 3200. ஆனால் பழைய இரண்டும் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டக் கம்பெனியே அதில் எழுதிவைத்த அமைப்பு) உள்ளவை: 3200, சிஎல்16 (கேட்ட தரவு வர ஆகும் கிளாக் எண்ணிக்கை), 1.35 வோல்ட். புதிய இரண்டில் எக்ஸ்எம்பியே கிடையாது, சாதாரண 3200, சிஎல்22, 1.2 வோல்ட். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்பு மென்பொருள்) ஏற்கெனவே எக்ஸ்எம்பி ஆனில் இருந்ததால், போர்டு பழைய ரேமின் கணக்கை நான்கின் மேலும் ஏற்றிவிட்டது. 3200ல் ஒரு கிளாக் 0.625 நானோநொடி. சிஎல்16 என்றால் 10 நானோநொடியில் தரவு வந்தாக வேண்டும். புதிய ரேம் உறுதி கொடுத்திருப்பதோ 13.75. பெரும்பாலும் எப்படியோ எட்டிப் பிடித்துவிடும், எட்டாத ஒரு கணத்தில்தான் எல்லாம் நிற்கும். ஹேங்க் நேரம் காலம் இல்லாமல் வந்தது இதனால்தான்.

கடைக்காரர் சோதித்துக் காட்டும் விதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டு, எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து, “பாருங்க, பாஸ்” என்பார். பாஸ்தான் ஆகும். நீங்கள் ஓட்டுகிற நிலையில், நான்கையும் செருகி, அதே பயாஸ் அமைப்பில் சோதிக்கச் சொல்லுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு பாஸ் (சோதனைச் சுற்று) முழுதாக ஓட விடவேண்டும். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். “ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும்” என்பது பொய். இங்கே தனித்தனியாக நான்கும் தேறின, சேர்த்துப் போட்டதும் இரண்டாவது பாஸிலேயே சிவப்பு வரிகள். எக்ஸ்எம்பியை (ஏஎம்டி போர்டு சிலவற்றில் டிஓசிபி என்றிருக்கும்) ஆஃப் செய்ததும் நான்கும் 2666ல் இறங்கி நின்றன, எரர் இல்லை, ஹேங்கும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும்வரை ஃபார்மேட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ரேம் தப்பாக எழுதும்போது விண்டோஸை ஏற்றினால் ஃபைல்கள் ஏறும்போதே கெட்டுப்போகலாம், அப்புறம் எது ரேமின் குற்றம், எது விண்டோஸின் குற்றம் என்று பிரிக்க முடியாது. பயாஸ் அப்டேட்டும் அப்படியே. பாதியில் ஹேங்க் ஆனால் “போர்டு போயிடுச்சு” நிஜமாகிவிடும்.

ஹேங்க் எல்லாமே ரேம் இல்லை. மவுஸ் நகர்கிறது, எதைத் திறந்தாலும் திறக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறது, ஈவென்ட் வியூவரில் 129 விழுந்திருக்கிறது என்றால் எஸ்எஸ்டியையும் அதன் கேபிளையும் பாருங்கள். புது எஸ்எஸ்டி என்று வாங்கியிருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது புதிது இல்லை. திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்து 4101 இருந்தால் கிராபிக்ஸ் பக்கம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் மாட்டியிருந்தால் கதை வேறு. அதில் பல மாடல்களில் வோல்டேஜ் கோளாறு இருந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் மைக்ரோகோடு (பயாஸ் வழியாகப் பிராசஸருக்குள் ஏறும் திருத்தம்) திருத்தங்களை வெளியிட்டது, பாதிக்கப்பட்ட பாக்ஸ் (பெட்டியோடு தனியே விற்கும்) மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் உள்ள பயாஸ் இல்லாமல் வேறெதையும் மாற்றிப் பயனில்லை.

கொடுக்கும் முன் கேபினட்டைத் திறந்து ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் லேபிள்களைச் சீரியல் எண் தெரியும்படி படம் எடுங்கள். பில்லில் “8 ஜிபி 3200” என்று மட்டும் எழுத விடாதீர்கள், முழு பார்ட் நம்பர் வேண்டும். கழற்றிய பழைய பொருளைக் கையோடு வாங்குங்கள்.

இந்தக் கடை முதலில் ரேமைத் திரும்ப எடுக்க மறுத்தது. “ரேம்ல பழுது இல்லையே” என்றார்கள், அது ஒருவகையில் சரிதான். இரண்டு எஸ்பிடி பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அதே ரேம்னு சொன்னீங்களே, சிஎல் எங்கே அதே?” என்று கேட்டபிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரே பாக்கெட்டில் வந்த 16 ஜிபி ஜோடி ஓடுகிறது, எக்ஸ்எம்பி ஆனில், நான்கு பாஸும் சுத்தம். நன்றாக இருந்த பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்டால், “ஸ்கிராப்புல போட்டாச்சு” என்கிறார்கள்.